பாம்பன் பாலமும் பத்து நிமிடப் படபடப்பும்

ராமேஸ்வரம் தீவில் ஒருவருக்குப் பஸ்ஸில் போகும்போது நெஞ்சு படபடத்து, மூச்சு முட்டி, உயிரே போய்விடும்போல ஆகிவிட்டால், வீட்டிலும் தெருவிலும் கிடைக்கிற முதல் யோசனை: "கொஞ்ச நாளைக்குப் பாலம் தாண்டாத. ஒடம்பு தேறட்டும், அப்புறம் பாத்துக்கலாம்." அக்கறையோடு சொல்வதுதான். ஈசிஜி எடுத்துப் பார்த்துவிட்டு "ரெஸ்ட் எடுங்க, அலையாதீங்க" என்று அனுப்பும் மருத்துவர்களும் சுற்றிவளைத்து இதையேதான் சொல்கிறார்கள். பேனிக் அட்டாக் பற்றி இந்தக் கரையோரத்தில் புழங்கும் யோசனைகளிலேயே அதிகக் கெடுதல் செய்வது இதுதான் என்று எனக்குப் படுகிறது. மந்திரித்த கயிறு, ஓதிய தண்ணீர், கேஸ் மாத்திரை எல்லாம் இதற்கு அடுத்துத்தான். கயிறு கட்டியவர் கயிற்றோடாவது பஸ் ஏறிவிடுவார். பாலம் தாண்டாமல் இருப்பவருக்குக் கொஞ்ச நாளில் பாலம் தொடங்கும் பாம்பன் வரை போவதே பெரும்பாடாகும். அப்புறம் கடைத்தெரு, அப்புறம் ஞாயிற்றுக்கிழமைப் பூசை, கடைசியில் வீட்டு வாசல்.

வெளியூர்க்காரர்களுக்கு அந்தப் பாலம் வண்டியை நிறுத்திப் படம் எடுக்கும் இடம். தீவில் இருப்பவர்களுக்கு 1988 முதல் ரோட்டு வழி என்றால் அது ஒன்றுதான். 2022 கடைசியில் பழைய ரயில் பாலத்தில் போக்குவரத்து நின்றதிலிருந்து 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறக்கும்வரை ரயிலும் மறுகரையிலுள்ள மண்டபத்தோடு நின்றுகொண்டது. பெரியாஸ்பத்திரி, கலெக்டர் ஆபீஸ், பிள்ளையின் கல்லூரி, சொந்தக்காரர் வீட்டு விசேஷம் எல்லாமே அந்தப் பக்கம். மதுரையில் ஒருவர் ஒரு மேம்பாலத்தைத் தவிர்த்தால் வேறு தெரு வழியாகச் சுற்றிப் போகலாம். இங்கே அந்த வசதி கிடையாது. அதனாலேயே நோய் எவ்வளவு தூரம் ஊன்றிவிட்டது என்பது இங்கே சீக்கிரமே வெளியே தெரிந்துவிடுகிறது.

பஸ்ஸுக்குள் என்ன நடக்கிறது

தங்கச்சிமடத்தில் ஏறி ராமநாதபுரம் போகும் ஒரு பெண் என்று வைத்துக்கொள்வோம். முப்பது வயது இருக்கும். முந்தின ராத்திரி சரியான தூக்கமில்லை. காலையில் எதுவும் சாப்பிடாமல் இரண்டு டீ மட்டும். பஸ்ஸில் நெரிசல், வெக்கை. பாலத்தில் ஏறியதும் இதயம் ஒருமுறை தடுக்கிவிட்டுத் துடிக்கிறது. எல்லோருக்கும் எப்போதாவது நடப்பதுதான். அன்றைக்கு அது அவள் கவனத்தில் பட்டுவிடுகிறது. "இதென்ன, மாரடைப்பா?" என்று ஒரு நினைப்பு ஓடுகிறது. மூளையில் ஆபத்து மணி அடிக்கும் அமிக்டலா என்ற பகுதிக்கு அவ்வளவு போதும். சிறுநீரகங்களின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிகள் அட்ரினலினைக் கொட்டுகின்றன. இதயம் இன்னும் வேகமெடுக்கிறது. அந்த வேகத்தைப் பார்த்து அவள், "அப்ப நெசந்தான்" என்று முடிவு செய்கிறாள். மறுபடியும் அட்ரினலின்.

ஆக்ஸ்ஃபோர்டு உளவியலாளர் டேவிட் கிளார்க் 1986-இல் எழுதிய விளக்கத்தின் சாரம் இந்தச் சுற்றுதான். உடம்பில் சாதாரணமாக நடக்கும் ஒன்றைச் சாவு என்றோ மயக்கம் என்றோ பைத்தியம் என்றோ தப்பாக எடுத்துக்கொள்கிறோம். அப்படி எடுத்துக்கொண்டதே உடம்பை மேலும் கிளப்பிவிடுகிறது. வாசலில் நாய் விடாமல் குரைக்கிறது. குரைப்பது நிஜம், திருடன்தான் இல்லை.

"ஏங்க, பஸ்ஸ நிப்பாட்டச் சொல்லுங்க."

"நடுப்பாலத்துல எப்படி நிப்பாட்டுவான்? பயப்படாத புள்ள, ஒண்ணும் ஆகாது."

அவளுக்கு ஆகிக்கொண்டுதான் இருக்கிறது. வியர்வை, நடுக்கம், தொண்டை அடைப்பு, நெஞ்சுவலி, குமட்டல், தலைசுற்றல், கை மரத்துப்போவது, சுற்றியிருப்பதெல்லாம் நிஜமில்லாததுபோலத் தோன்றுவது, செத்துப்போவேன் என்ற திகில். மருத்துவர்கள் வைத்திருக்கும் பட்டியலில் இப்படி 13 அறிகுறிகள் உண்டு. நாலோ அதற்கு மேலோ ஒரே மூச்சில் கிளம்பி, சில நிமிடங்களில் உச்சத்துக்குப் போனால் அது பேனிக் அட்டாக். பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சம் தொட்டுவிடும். அதற்குப்பின் அந்த வேகத்தை உடம்பால் பிடித்துவைக்க முடியாது. அரை மணி நேரத்துக்குள் பெரும்பகுதி வடிந்துவிடும். அலுப்பு மட்டும் சாயங்காலம் வரை இருக்கும்.

இந்த நேரக்கணக்கு முக்கியம். பாலம் தாண்டி மண்டபத்தில் இறங்கி, ஆட்டோ பிடித்து, ஒரு கிளினிக்கில் படுக்கவைத்து ஊசி போடும்போது எப்படியும் அரை மணி ஆகியிருக்கும். படபடப்பு தானாக அடங்கும் நேரமும் அதுதான். பெயர் ஊசிக்குப் போய்விடுகிறது. "அந்த ஊசி மட்டும் போடலைன்னா அன்னைக்கே போயிருப்பேன்" என்று அவள் காலம் முழுக்கச் சொல்வாள். ஊசி எட்டாத இடத்துக்கு இனி அவளால் போகவும் முடியாது.

முதல் தடவை மட்டும் ஆஸ்பத்திரிதான்

இதையெல்லாம் படித்துவிட்டு நெஞ்சுவலியோடு வீட்டில் உட்கார்ந்திருக்க வேண்டாம். வாழ்க்கையில் முதல் தடவையாக வருகிறது என்றால் நேரே ஆஸ்பத்திரிக்குப் போய் ஈசிஜி எடுத்தாக வேண்டும். நாற்பது தாண்டியவர், சர்க்கரை, பிரஷர், பீடி சிகரெட் உள்ளவர், வலி இடது கைக்கோ தாடைக்கோ இறங்குகிறது, நடந்தால் கூடி உட்கார்ந்தால் குறைகிறது என்றால் 108-ஐக் கூப்பிட யோசிக்கவே கூடாது. சர்க்கரைக்காரர்களுக்கும் பெண்களுக்கும் மாரடைப்பு வலியே இல்லாமல், வெறும் மூச்சுத்திணறலாக வருவதும் உண்டு. ஒரு ஈசிஜி நார்மலாக வந்தாலும் சந்தேகம் இருந்தால் சிறிது நேரம் கழித்து இன்னொன்றும், ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனையும் பார்ப்பார்கள். இதயம் சுவிட்ச் போட்டதுபோலச் சட்டென்று நிமிடத்துக்கு 150-க்கு மேல் ஓடி, அதேபோலச் சட்டென்று நின்றால் அது இதயத்தின் மின்னோட்டக் கோளாறாக இருக்கலாம். அதைப் படபடப்பு நடக்கும்போதே எடுத்த ஈசிஜிதான் காட்டும். தைராய்டுக்கு டிஎஸ்ஹெச், ஹீமோகுளோபின், சர்க்கரை மூன்றையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

ஒருமுறை என்றால் ஒருமுறைதான். எல்லாம் நார்மல் என்று வந்தபிறகும் மாதாமாதம் ஈசிஜி எடுத்துப் பையில் வைத்துக்கொள்வது சந்தேகத்துக்குத் தீனி போடும் வேலை. கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்ஸிமீட்டரை அஞ்சு நிமிடத்துக்கு ஒருமுறை விரலில் மாட்டுவதும் அப்படித்தான். அதில் 98, 99 என்று காட்டும். ஒரு கணம் நிம்மதி, அடுத்த கணம் "இப்ப எவ்வளவு இருக்கும்?"

மூச்சை இழுத்து விடாதே

பக்கத்து சீட்டுக்காரர் சொல்வார்: "நல்லா மூச்ச இழுத்து இழுத்து விடும்மா." இதுவும் கெடுதல்தான். அவளுக்கு ஆக்சிஜன் குறைவில்லை. தேவைக்கு மேல் மூச்சு வாங்குவதால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைந்துவிட்டது. ரத்தம் காரத்தன்மைப் பக்கம் சாய்கிறது, மூளைக்குப் போகும் நாளங்கள் சுருங்குகின்றன, தலை சுற்றுகிறது. ரத்தத்தில் உடனே பயன்படும் நிலையிலுள்ள கால்சியமும் குறைவதால் உதட்டைச் சுற்றியும் விரல் நுனியிலும் எறும்பு ஊர்கிறது. முற்றினால் விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டி விறைத்து, கட்டைவிரல் உள்ளங்கைக்குள் மடங்கிக்கொள்ளும். பார்ப்பவர்கள் வலிப்பு என்று சாவிக்கொத்தைக் கையில் திணிப்பார்கள், பக்கவாதம் என்று அழுவார்கள். மூச்சு நிதானப்பட்டால் சில நிமிடங்களில் விரல் தானாக விரியும்.

நிதானப்படுத்தும் வழி இது: வாயை மூடி, மூக்கால், சின்னதாக உள்ளே, மனசுக்குள் நாலு எண்ணும்வரை. ஆறு எண்ணும்வரை மெதுவாக வெளியே. நிமிடத்துக்கு ஆறு மூச்சு வரும். அளவு பெரிதாக வேண்டாம், வேகம் குறைந்தால் போதும். வயிற்றில் கை வைத்தால் கை மேலே வரவேண்டும், தோள் ஏறக்கூடாது. இதைப் பஸ்ஸில் வைத்து முதல் தடவை செய்து பார்த்தால் வேலைக்கு ஆகாது. காலையும் மாலையும் பத்து நிமிடம் வீட்டில் பழகியிருக்க வேண்டும். காகிதப் பைக்குள் மூச்சு விடும் பழைய வைத்தியத்தை விட்டுவிடுங்கள். நிஜமாகவே இதயமோ நுரையீரலோ பழுதாகியிருந்தால் அது ஆளையே கொல்லக்கூடும். மூச்சு வாங்கும்போது வாயில் சோடா ஊற்றுவதும் வேண்டாம்.

பாசி எடுக்க முங்குபவர்களுக்கு இதில் இன்னொரு சேதி உண்டு. முங்குவதற்கு முன் வேகவேகமாக மூச்சு வாங்கிக்கொண்டால் அதிக நேரம் தாக்குப்பிடிக்கலாம் என்று நினைக்கிறார்கள். ஆக்சிஜன் அதனால் பெரிதாகக் கூடுவதில்லை. கார்பன் டை ஆக்சைடுதான் இறங்குகிறது. மூச்சு விடவேண்டும் என்ற தவிப்பைக் கிளப்புவதே அந்த வாயு. தவிப்பு வருவதற்குள் தண்ணீருக்கடியில் நினைவு தப்பிவிடலாம்.

பாலத்தில் என்ன செய்வது

இதுதான் விஷயத்தின் நடு. அவள் மறுபடி பஸ் ஏறுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். பாலம் இரண்டேகால் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட. பஸ் நாலைந்து நிமிடத்தில் தாண்டிவிடும். பயம் ஏறிக்கொண்டே போகும்போது மண்டபம் வந்துவிடுகிறது, அப்பாடா என்கிறாள். படபடப்பு தானாக இறங்குவதை அவள் பார்க்கவே இல்லை. பாலம் முடிந்ததால் தப்பித்தோம் என்றுதான் மனசில் பதிகிறது. பத்துத் தடவை இப்படிப் போனாலும் பதினோராவது தடவையும் அதே பயம்தான். "நானும் போய்ப் போய்ப் பாக்குறேன், சரியாகலையே" என்று சொல்பவர்கள் பலருடைய சிக்கல் இதுதான்.

அதனால் ஏணி ஏறுவதுபோலப் படிப்படியாகப் போக வேண்டும், பஸ்ஸுக்கு முன்னால் நடை. பாம்பன் பக்க முனையில், காலை வெயில் ஏறுமுன், கூட ஒருவரோடு போய் நிற்பதில் தொடங்கலாம். நடைபாதை ஓரமாகப் பத்தடி போய் நின்று கடலைப் பார்க்க வேண்டும். பயத்துக்கு நூற்றுக்கு எத்தனை என்று ஒரு மார்க் போட்டுக்கொள்ள வேண்டும். அறுபது என்றால் அது முப்பதுக்கு வரும்வரை நகரக்கூடாது. இருபது நிமிடமோ நாற்பதோ ஆகலாம். மறுநாள் கால்வாசித் தூரம், பிறகு பாதி. கீழே கப்பல் போகும் கால்வாயின் மேலே பாலம் உயர்ந்து நிற்கும் இடம்தான் பலருக்கு மோசமானது. அங்கே கூடுதல் நேரம். முழுப் பாலத்தையும் நடந்து கடக்க அரை மணிக்கு மேல் ஆகும். அந்த அரை மணிக்குள் படபடப்பு ஏறி, உச்சம் தொட்டு, இறங்கியும் விடும். பாதிப் பாலத்தில் நிற்கும்போதே பயம் இறங்குவதை முதல் தடவை அவள் கண்டுகொள்ளும் அந்த நேரம்தான் திருப்பம். நூறு தடவை "பயப்படாத" என்று கேட்டு வராதது அங்கே வரும். கச்சான் காற்று பலமாக அடிக்கும் நாட்களில் மட்டும் பாலத்து நடை வேண்டாம், அந்தக் காற்று நிஜமான ஆபத்து.

நடை பழகியபின் பஸ். முதலில் துணையோடு ஜன்னலோரம், பிறகு துணையை இரண்டு சீட் பின்னால் உட்காரவைத்து, பிறகு தனியாக, பிறகு சாயங்கால நெரிசலில் நின்றுகொண்டு. மண்டபத்தில் இறங்கி உடனே அடுத்த பஸ்ஸில் திரும்பி, மறுபடி போய் என்று ஒரே நாளில் நாலு தடவை கடப்பது, வாரம் ஒருமுறை கடப்பதைவிட வேகமாக வேலை செய்யும்.

ஒவ்வொரு தடவையும் கிளம்புமுன் ஒரு துண்டுத்தாளில் என்ன நடக்கும் என்று பயப்படுகிறோமோ அதை அப்படியே எழுத வேண்டும். "மயங்கி விழுந்திருவேன்." "நெஞ்சு வெடிச்சிரும்." திரும்பி வந்து நடந்ததை எதிரில் எழுத வேண்டும். மயக்கம் அநேகமாக வராது. மயக்கம் வர ரத்த அழுத்தம் சட்டென்று விழவேண்டும், பேனிக்கில் அது ஏறித்தான் நிற்கும். பாலத்தில் இன்னொரு பயமும் சகஜம்: "கடலுக்குள்ள குதிச்சிருவேனோ." குதித்துவிடுவோமோ என்று நடுங்குபவர் குதிக்க நினைப்பவரல்ல, நடுங்குவதே அதனால்தான். ஆனால் சாக வேண்டும் என்ற எண்ணமே உள்ளுக்குள் ஓடிக்கொண்டிருந்தால் கதை வேறு. பாலத்துக்குப் போகாமல் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.

உடம்பின் அறிகுறிகளோடு பழகும் பயிற்சியும் இதோடு சேர்ந்தது. நின்ற இடத்தில் ஒரு நிமிடம் ஓடுவது, ஒரு நிமிடம் தட்டாமாலை சுற்றுவது, மூக்கைப் பிடித்துக்கொண்டு ஜூஸ் ஸ்ட்ரா வழியாக இரண்டு நிமிடம் மூச்சு விடுவது. வேண்டுமென்றே படபடப்பையும் சுற்றலையும் வரவழைத்து, ஒன்றும் செய்யாமல் அது போவதைப் பார்ப்பது. வலை இழுக்கும்போது மீனவருக்கு நெஞ்சு இதைவிட வேகமாக அடிக்கிறது, அதற்கு யாரும் பயப்படுவதில்லை. காரணம் தெரிந்த துடிப்பு அது. அதே துடிப்பு ராத்திரி பாயில் படுத்திருக்கும்போது வந்தால்தான் உயிர் பயம். இதய நோய், ஆஸ்துமா, வலிப்பு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் இந்தப் பயிற்சியில் இறங்கக்கூடாது. தண்ணீரிலோ படகிலோ யாருமே செய்யக்கூடாது.

பையில் இருக்கும் மாத்திரை

தண்ணீர் பாட்டில், படபடப்பை அடக்கும் அல்ப்ரசோலம் மாத்திரை அட்டை, தாயத்து, விபூதிப் பொட்டலம், போனில் தயாராக டாக்டர் நம்பர். இவற்றில் எது அறிவியல், எது நம்பிக்கை என்று சண்டை போடுவதில் பயனில்லை. பேனிக்கைப் பொறுத்தவரை எல்லாம் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. "இது கையில் இருந்ததால் பிழைத்தேன்" என்று எண்ணவைக்கின்றன. சாமி கும்பிடுவதையும் தர்காவில் ஓதிக்கொள்வதையும் நிறுத்தச் சொல்லவில்லை. அது இல்லாமல் பஸ் ஏற முடியாது என்ற நிலை வந்துவிட்டதா என்பதே கேள்வி. வந்திருந்தால் ஏணியின் கடைசிப் படியில் அதையும் வீட்டில் வைத்துவிட்டுப் போய்ப் பார்க்க வேண்டியிருக்கும்.

கடலில் வந்தால்

படகில் ஒருவருக்கு வந்தால் முதல் வேலை, ஸ்டீயரிங்கிலிருந்தும் வலை இழுக்கும் விஞ்சிலிருந்தும் அவரை விலக்கி, நடுவில், நிழலில் உட்காரவைத்து, லைஃப் ஜாக்கெட் மாட்டுவது. வெயிலும் தண்ணீர் குடிக்காததும் வெறும் வயிறும் இதே அறிகுறிகளைக் கொடுக்கும், அதனால் நிதானமானபின் உப்பு சர்க்கரைத் தண்ணீர் கொடுக்கலாம். ஒருவர் மட்டும் பேச வேண்டும், குறைவாக: "மாப்ள, இது முன்ன வந்ததுதான். பத்து நிமிசம். எங்கூடவே மூச்ச விடு." பழைய படபடப்பு என்று உறுதியாகத் தெரிந்தால் கரைக்குத் திருப்ப வேண்டியதில்லை. வயதும் சர்க்கரையும் உள்ளவருக்கு வலி நீடித்தால் காத்திருக்காமல் திரும்பி, கடலோரக் காவல் படையின் 1554-க்கு அழைக்க வேண்டும். சுடப்பட்டோ சிறைப்பட்டோ வந்தவருக்குத் தூரத்தில் விளக்கைக் கண்டதும் படபடப்பு வருகிறது, அந்தக் காட்சி கனவிலும் திரும்புகிறது என்றால் அது அதிர்ச்சிக்குப் பிந்தைய மன நோயாக இருக்கலாம். அதற்கு வைத்தியம் வேறு, இந்த ஏணியைத் தானாக ஏறிப் பார்க்க வேண்டாம்.

ஏப்ரல் 15-இலிருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் கை காய்ந்து, தூக்கம் கெட்டு, குடி கூடும். குடித்தால் அன்றிரவு அடங்குவதுபோல இருக்கும். போதை இறங்கும் மறுநாள் விடியற்காலை நரம்பு மண்டலம் துள்ளும், படபடப்பு இரட்டிப்பாக வரும். அதற்கு மருந்து என்று மறுபடி குடிப்பதுதான் பலர் மாட்டிக்கொள்ளும் இடம்.

மாத்திரை

அடிக்கடி வருகிறது, அடுத்தது எப்போதோ என்ற கவலையிலேயே மாதக்கணக்கில் ஓடுகிறது என்றால் மாத்திரையும் தேவைப்படலாம். வழக்கமாக எஸ்சிடலோப்ராம் 5 மி.கி. அல்லது செர்ட்ராலின் 25 மி.கி. என்று தொடங்கி, ஒரு வாரம் கழித்து இரட்டிப்பாக்குவார்கள். வேலை செய்ய இரண்டிலிருந்து ஆறு வாரம் ஆகும். முதல் வாரம் குமட்டலும் படபடப்பும் சற்றுக் கூடலாம். இதை முன்கூட்டிச் சொல்லாததால்தான் நாலாம் நாள் "எனக்கு ஒத்துக்கலை" என்று அட்டையைத் தூக்கிப் போடுகிறார்கள். நன்றானபின் குறைந்தது ஆறு மாதம், பெரும்பாலும் ஒரு வருடம் தொடர்ந்து, பிறகு படிப்படியாகக் குறைக்க வேண்டும். அல்ப்ரசோலம், குளோனசெபாம் வகை உடனே அடக்கும், அதனாலேயே பழக்கமாகும். இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் நீட்டாமல் இருப்பது நல்லது. போட்டுக்கொண்டு கடலுக்குப் போகக்கூடாது, சாராயத்தோடு சேர்ந்தால் மூச்சே நின்றுபோகலாம். மாதக்கணக்கில் போட்டவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், மருத்துவர்தான் குறைத்துக்கொண்டு வர வேண்டும். இதயத் துடிப்பைக் குறைக்கும் ப்ரொப்ரனோலால் மாத்திரை ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆகாது.

ஏர்வாடி என்ற பெயர்

"மனநல டாக்டர்கிட்ட காட்டலாமா?" என்று கேட்டால் இந்த மாவட்டத்தில் அடுத்த பேச்சு ஏர்வாடிதான். 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி அங்கே ஒரு மனநலக் காப்பகத்தில் சங்கிலியால் கட்டிவைக்கப்பட்டிருந்த 28 பேர் தீயில் செத்தார்கள். அந்தச் சங்கிலி இன்னும் எல்லார் மனசிலும் கிடக்கிறது. "எனக்குப் பைத்தியம் பிடிக்கப்போகுது" என்று பேனிக் உச்சத்தில் ஒருவர் நினைக்கும்போது இங்கே அவர் கண்ணில் தெரிவது அந்தச் சங்கிலிதான். பேனிக் அட்டாக் மனச்சிதைவாக மாறுவதில்லை. யாரையும் எந்த விதத்திலும் சங்கிலியில் கட்டுவதை 2017-ஆம் வருட மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்திருக்கிறது. படபடப்புக்கு வெளிநோயாளியாகப் போய்ச் சீட்டு வாங்கி வீட்டுக்குத் திரும்புவதுதான் நடைமுறை, படுக்கையில் சேர்ப்பதே அபூர்வம். ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. பாலம் தாண்ட முடியாதவர்கள் டெலி மானஸ் 14416-ஐ எந்த நேரமும் அழைக்கலாம், தமிழில் பேசுவார்கள், காசு கிடையாது.

ஓ.பி.-யில் கிடைப்பது ஐந்து நிமிடம்தான். எழுதிக்கொண்டு போங்கள்: முதல் தடவை எப்போது வந்தது, உச்சத்துக்கு எத்தனை நிமிடம் ஆகிறது, டீ, புகையிலை, குடி எவ்வளவு, ஏற்கனவே போடும் மாத்திரைகள் என்னென்ன, எந்தெந்த இடத்துக்குப் போவதை நிறுத்தியிருக்கிறீர்கள். கடைசிக் கேள்வியை அவர் கேட்க மறந்தாலும் அந்தப் பட்டியலை நீங்களாகவே எடுத்து முன்னால் வையுங்கள்.